வீட்டிலிருந்து எத்தனை மைல்?

அமெரிக்காவில் பள்ளியிறுதி வகுப்பை நெருங்கும் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர், தம்மை அழைக்கும் கல்லூரிகளுள் எதில் சேர்வது என்று முடிவு செய்யும்போது படிப்பு, ஆட்டம், வீட்டுக்கு உள்ள அண்மை ஆகிய மூன்றையும் சீர்தூக்குகிறார் என்பது அந்நாட்டு விளையாட்டுப் பத்திரிகைகளில் தேய்ந்துபோன வாய்பாடு. வாய்பாடு பொய்யன்று, ஆனால் மூன்றும் ஒரே தராசில் நிறுக்கத்தக்க ஒரே வகைப் பண்டங்கள் என்னும் எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. படிப்பைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும் அந்தப் பதினேழு வயதினருக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, அவரைச் சேர்த்துக்கொள்வதால் பயனடையப்போகும் ஒருவர் வந்து சொல்லிச் சென்ற சொற்களே. வீடு ஒன்றைத்தான் அவர் வாழ்ந்து அறிந்திருக்கிறார். அந்த ஒன்றையே பயிற்சியாளர்களும் பத்திரிகையாளர்களும் பல வேளைகளில் மனத்திடமின்மையின் அடையாளமாகக் கருதி ஒதுக்கிவந்துள்ளனர். வீட்டு அண்மை உண்மையில் எதை அளக்கிறது என்பதையும், மற்ற இரண்டும் காலந்தோறும் மாறிய விதிகளால் எவ்வாறு உருமாறின என்பதையும் ஆராய்வது இவ்வுரையின் பொருள்.

இத்தேர்வு அந்நாட்டில் இவ்வளவு பெரிதாவதற்கு அமைப்பே காரணம். தமிழ்நாட்டில் திறமையான கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு வங்கியோ ரயில்வேயோ வேலை கொடுத்துத் தன் அணியில் ஆடவைப்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது பல்கலைக்கழகம். 1906இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973 முதல் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்து நடத்துகிறது. முதற்பிரிவில் ஆண்கள் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் கல்லூரிகள் 350க்கு மேல். அங்கே முழு உதவித்தொகை என்றால் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, பாடநூல் அனைத்தும் அடங்கும். ஆண்கள் அணி ஒன்றுக்கு 13, பெண்கள் அணி ஒன்றுக்கு 15 என்று அந்த உதவித்தொகைகளுக்கு நெடுங்காலம் உச்சவரம்பு இருந்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக் ஒரு விசித்திரமான இடைநிலை: முதற்பிரிவில் ஆடிக்கொண்டே, குடும்பத்தின் வருவாயைப் பார்த்து மட்டும் உதவுகிறது, பந்தாட்டத் திறனுக்காக ஒரு டாலரும் தருவதில்லை. இந்தக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பள்ளி ஆட்டக்காரரைத் தேடிச் சென்று, பெற்றோரோடு அவர்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பேசி, கல்லூரிச் செலவில் இரண்டு நாள் வளாகத்துக்கு அழைத்துச் சுற்றிக்காட்டி இணங்கவைக்கும் முயற்சி முழுவதற்கும் ‘ரெக்ரூட்டிங்’, அதாவது ஆள்சேர்ப்பு என்று பெயர்.

வீட்டு அண்மை என்பதை மைல் கணக்கில் அளக்கும் வழக்கம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு லாரி பேர்டின் கதையை விடச் சிறந்த சான்று இல்லை. இண்டியானா மாநிலத்தின் ஃப்ரெஞ்ச் லிக் என்னும் சிற்றூரிலிருந்து அவர் 1974இல் பாப் நைட் பயிற்சியளித்த இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது இருந்த புளூமிங்டன், ஊரிலிருந்து ஐம்பது மைல்தான். பல்லாயிரம் மாணவர் நடமாடும் அந்த வளாகத்தில் ஒரு மாதம்கூட நிலைகொள்ளாமல் அவர் ஊர் திரும்பி, ஊராட்சியில் குப்பை அள்ளும் வேலை உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்தார். மறு ஆண்டு அவர் சேர்ந்த இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகம் டெர்ரே ஹோட் நகரில் இருக்கிறது. புளூமிங்டனைக் காட்டிலும் அது ஃப்ரெஞ்ச் லிக்கிலிருந்து தொலைவு. ஊரைவிட்டுப் பிரிய முடியாமல் தவித்தவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள், இரண்டாம் முறை அவர் இன்னும் அதிக தூரம் போனார் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர் தேடியது, தம் பேச்சும் உடையும் காசில்லாமையும் யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றாத ஓர் இடத்தை என்று கொள்வதே பொருந்தும். அந்த இடம் கிடைத்த பின் நடந்ததை நாடே பார்த்தது: 1979 மார்ச் 26 அன்று சால்ட் லேக் சிட்டியில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டம் வரை ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் அவர் அணி வந்தது. எதிரே நின்ற மிச்சிகன் மாநில அணியின் மேஜிக் ஜான்சனும் லான்சிங் நகரில் வளர்ந்து, அதை ஒட்டிய கிழக்கு லான்சிங்கிலேயே கல்லூரியைத் தேர்ந்தவர். 75க்கு 64 என்று மிச்சிகன் மாநிலம் வென்ற அந்த ஆட்டத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்த்த வீடுகளின் விகிதத்தை வேறெந்தக் கூடைப்பந்து ஆட்டமும் எட்டியதில்லை. அத்தகைய ஆட்டத்தின் இரண்டு நாயகர்களும் ஊர்ப்பக்கமே தங்கியவர்கள் என்பது, பெரியவனாக வேண்டுமானால் வெளியேறியாக வேண்டும் என்னும் பயிற்சியாளர் உபதேசத்துக்குப் போதுமான மறுப்பு.

எலேனா டெல் டான் 2008இல் எடுத்த முடிவு இன்னும் ஆழமானது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனைச் சேர்ந்த அவர், அந்த ஆண்டு நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர். பெண்கள் கூடைப்பந்தில் அன்று கொடிகட்டிப் பறந்த கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சேர்ந்து, இரண்டே நாளில் வீடு திரும்பினார். ஆட்டத்தின் மீதே அப்போது அவருக்குச் சலிப்பு உண்டாகியிருந்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அவருடைய அக்காள். பிறவியிலேயே பார்வையும் கேள்வியும் இல்லாதவர், மூளை முடக்குவாதம் உள்ளவர். தங்கையைத் தொடுதலாலும் மணத்தாலும் மட்டுமே அறிந்துகொள்பவர். பொதுவாக வெளியூர் செல்லும் மாணவருக்குத் தொலைபேசி உண்டு, காணொளி அழைப்பு உண்டு, கடிதமாவது உண்டு. இங்கே அவை எதற்கும் பொருளில்லை. கைக்கு எட்டாத தொலைவு அனைத்தும் அந்த அக்காளைப் பொறுத்தவரை ஒரே தொலைவுதான், அது இருநூறு மைலானாலும் இரண்டாயிரமானாலும். டெல் டான் வீட்டுக்கு அருகிலிருந்த டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓராண்டு கைப்பந்து ஆடினார். 2009இல் கூடைப்பந்துக்குத் திரும்பினார். கனெக்டிகட் அணி அவரில்லாமலே 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஒரு தோல்வியுமின்றிப் பட்டம் வென்றது; அவர் துறந்தது என்ன என்பதற்கு அதுவே கணக்கு. எனினும் 2013இல் டெலவேரைத் தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாக்கினார்; அதே ஆண்டு பெண்கள் தொழில்முறை லீக்கின் தேர்வில் இரண்டாவது ஆளாகச் சிகாகோ அணியால் எடுக்கப்பட்டு, 2015இலும் 2019இலும் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஊரோடு தங்கினால் வாழ்க்கைத்தொழில் கெடும் என்பது அவர் வரையில் பலிக்கவில்லை. பலித்திருந்தாலும் அவர் முடிவு தவறாகியிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அண்மை எப்போதும் ஆறுதல் என்று இதனால் கொள்வது பிழையாகும். பெர்ரி வாலஸ் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில், கறுப்பின மாணவர்க்கான பெர்ல் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியவர். 1966இல் வெள்ளை, கறுப்பினப் பள்ளிகள் முதன்முறையாகச் சேர்ந்து ஆடிய மாநிலப் போட்டியில் அவருடைய அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் வென்றது. பொறியியல் படிக்க விரும்பிய அவர், அதே நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, தென்கிழக்குக் கூட்டமைப்பு எனப்படும் தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் லீக்கில் கூடைப்பந்தாடிய முதல் கறுப்பினத்தவரானார். படிப்பு, ஆட்டம், அண்மை மூன்றும் வாய்பாட்டின்படி அப்படியே பொருந்திய தேர்வு இது. வீடு சில மைலில் இருந்தது. வளாகமோ வேற்று நாடாக இருந்தது. மிசிசிப்பி ஆட்டங்களில் பார்வையாளர் பொழிந்த வசையையும் அச்சுறுத்தலையும் அவர் தாங்கினார்; வளாகத்தருகே இருந்த தேவாலயத்தின் மூத்தோர், இனி வர வேண்டாம் என்று அவரிடமே சொன்னார்கள். 1970இல் பொறியியல் பட்டம் பெற்று, பின்னர் கொலம்பியாவில் சட்டம் படித்து, வாஷிங்டனில் சட்டப் பேராசிரியராக வாழ்ந்து 2017இல் மறைந்தார். அவர் தலைமுறையின் தென்மாநிலக் கறுப்பின ஆட்டக்காரர் பலருக்கு, வீட்டருகே உள்ள பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடலாமா என்ற கேள்வியே எழவில்லை, கதவு சாத்தியிருந்தது. 1966 தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஐந்து கறுப்பினத்தவரைத் தொடக்க அணியாக இறக்கிக் கென்டக்கியை 72க்கு 65 என்று வென்ற டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி, டெட்ராய்ட், நியூயார்க், கேரி போன்ற தொலைதூர நகரங்களிலிருந்து இளைஞர்களை எல் பாசோ பாலைநிலத்துக்கு வரவழைத்திருந்தது. தொலைவை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் பாதி உண்மை மட்டுமே உண்டு.

படிப்பின் பக்கம் திரும்பினால், அதனை முழு எடையோடு தராசில் வைத்தவர்களுள் பில் பிராட்லி தனித்து நிற்கிறார். மிசௌரி மாநிலத்தின் கிரிஸ்டல் சிட்டி என்னும் சிற்றூரில் வங்கியாளரின் மகனாகப் பிறந்த அவர், 1961இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் செல்வதாக இசைந்திருந்தார். அந்தக் கோடையில் பாத எலும்பு முறிந்து ஓய்விலிருந்தபோது, பந்து கையைவிட்டுப் போனால் மிஞ்சுவது எது என்று மறுபடி எண்ணிப் பார்த்து, உதவித்தொகை ஏதும் தராத பிரின்ஸ்டனுக்கு மாறினார். 1965இல் பிரின்ஸ்டன் தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் ஒருவரே 58 புள்ளி குவித்தார். அதன் பின் ரோட்ஸ் அறிஞராக ஆக்ஸ்ஃபோர்ட் சென்று, திரும்பி வந்து நியூயார்க் நிக்ஸ் அணியோடு இரண்டு பட்டங்கள் வென்று, 1979 முதல் 1997 வரை நியூ ஜெர்சியின் செனட்டராக இருந்தார். அழகான கதை, ஆனால் கட்டணம் கட்ட முடிந்த குடும்பத்தின் கதை. முழு உதவித்தொகை இல்லாவிட்டால் கல்லூரியே இல்லை என்ற நிலையில் உள்ள வீட்டில், படிப்புக்கு முன்னுரிமை என்பதன் பொருள் வேறு. பட்டம் வரை அந்த உதவித்தொகை நிலைக்குமா என்பதே அங்கு முதற்கேள்வி. 1973 முதல் நெடுங்காலம் அது ஓராண்டுக்கு மட்டுமே உரியதாக, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாக இருந்தது. 2012இல்தான் பல ஆண்டு ஒப்பந்தங்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

சேர்க்கைக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்னும் விதியும் இப்படி இருமுனைக் கத்தியாகவே இருந்தது. 1986இல் நடைமுறைக்கு வந்த 48ஆம் முன்மொழிவு, முதலாண்டிலேயே ஆட வேண்டுமானால் முக்கியப் பாடங்களில் குறிப்பிட்ட சராசரியும் எஸ்.ஏ.டி. என்னும் பொதுத் தேர்வில் 700 மதிப்பெண்ணும் வேண்டும் என்றது. பாதித் தகுதி பெற்றவர்க்கு உதவித்தொகையே கூடாது என்று அடுத்த விதி வந்தபோது, அது ஏழைக் கறுப்பின மாணவரையே வெளியில் நிறுத்தும் என்று கண்டித்து, ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்சன் 1989 ஜனவரியில் ஆட்டம் தொடங்கும் வேளையில் களத்தைவிட்டு வெளியேறினார். அதே தாம்சன்தான் தம் அறையில் காற்றிறங்கிய பந்து ஒன்றை வைத்திருந்து, அதைக் காட்டித் தம் மாணவர்க்குப் படிப்பின் அவசியத்தைச் சொன்னவர். அந்தப் பொதுத் தேர்வு மதிப்பெண் நிபந்தனையைச் சங்கம் 2023இல் அடியோடு நீக்கியது.

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிது என்பதால் அதன் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் கல்வியும் பெரிதென்று முடிவு கட்டுவதற்கில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரும் வகுப்பும் இல்லாமல் ஒரு கட்டுரையை மட்டும் வாங்கிக்கொண்டு தாராளமாக மதிப்பெண் வழங்கிய பாடங்களில் பதினெட்டு ஆண்டுகளில் 3,100க்கு மேற்பட்ட மாணவர் சேர்ந்திருந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர் என்றும் 2014இல் வெளியான வெய்ன்ஸ்டீன் அறிக்கை கண்டது. எல்லா மாணவர்க்கும் திறந்திருந்த பாடங்கள் அவை என்ற காரணத்தால் 2017இல் சங்கம் தண்டனை ஏதும் விதிக்கவில்லை. எனவே பெற்றோர் வளாகத்துக்குச் செல்லும்போது கேட்க வேண்டியது தரவரிசை எண்ணை அன்று. பிற்பகல் பயிற்சியோடு ஆய்வக நேரம் மோதினால் எது விட்டுக்கொடுக்கும், பொறியியலோ உயிரியலோ எடுத்த ஆட்டக்காரர் இப்போது அணியில் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்லும் கல்லூரியே படிக்க விடும் கல்லூரி.

ஆட்டத்தைப் பற்றிய வாக்குறுதி மூன்றிலும் நொய்யது. எத்தனை நிமிடம் களத்தில் இறங்கலாம் என்பதை எந்த ஒப்பந்தமும் எழுதித் தருவதில்லை. அழைத்த பயிற்சியாளர் மாணவருக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விடவும் கூடும். 2009இல் ஜான் கலிபாரி மெம்ஃபிஸிலிருந்து கென்டக்கிக்குச் சென்றபோது, மெம்ஃபிஸுக்கு வருவதாக இருந்த டிமார்க்கஸ் கசின்ஸ் அவர் பின்னாலேயே சென்றார். எல்லாருக்கும் அப்படி இடம் கிடைப்பதில்லை. தேர்வு செய்வது ஆட்டக்காரரே என்னும் எண்ணமும் உச்சியிலிருக்கும் சிலருக்கு மட்டும் பொருந்தும். பாலோ ஆல்ட்டோ உயர்நிலைப் பள்ளியை 2006இல் கலிஃபோர்னியா மாநிலப் பட்டத்துக்கு அழைத்துச் சென்ற ஜெரமி லின்னுக்கு, சாலையின் எதிர்ப்புறத்திலேயே ஸ்டான்ஃபோர்ட் இருந்தது. அதுவும் சரி, முதற்பிரிவின் வேறெந்தக் கல்லூரியும் சரி, அவருக்கு உதவித்தொகை தரவில்லை. நாட்டின் மறுகோடியிலுள்ள ஹார்வர்டில் பொருளியல் படித்து 2010இல் பட்டம் பெற்றார். ஸ்டீஃபன் கரியின் தந்தை ஆடிய வர்ஜீனியா டெக்கும், உதவித்தொகையில்லாமல் வந்து முயன்று பார்க்கலாம் என்றுதான் மகனிடம் சொன்னது. அவர் சார்லட் நகரத்து வீட்டுக்கு இருபது மைல் வடக்கே இருந்த டேவிட்சன் என்னும் சின்னஞ்சிறு கல்லூரிக்குச் சென்றார். 2008இல் அந்தக் கல்லூரி கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாகி, கன்சாஸிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. தொழில்முறை லீக் ஆண்டுதோறும் எடுப்பது இரண்டு சுற்றிலும் சேர்த்து அறுபது பேர் அளவில்தான், அதிலும் வெளிநாட்டினர் பலர். ஆயிரக்கணக்கான கல்லூரி ஆட்டக்காரருள் பெரும்பாலோருக்குக் கல்லூரி ஆட்டமே கடைசி ஆட்டம்.

தொழில்முறை லீக்குக்குச் செல்லும் சிறுபான்மையினருக்கோ கணக்கு முற்றிலும் மாறிவிட்டது. 2006 முதல், பத்தொன்பது வயதும் பள்ளி முடித்து ஓராண்டும் ஆகாத அமெரிக்க இளைஞரைத் தொழில்முறை லீக் எடுப்பதில்லை. ஆகவே கெவின் டுரான்ட் டெக்சஸில் இருந்ததுபோல் ஓராண்டு மட்டும் ஆடிவிட்டுக் கிளம்பும் வழக்கம் வேரூன்றியது. பட்டம் பெறுவதாகத் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேக் ஃபாரஸ்டில் நான்கு ஆண்டும் தங்கி 1997இல் உளவியல் முடித்த டிம் டங்கன் இன்று பழங்காலத்து ஆள்போல் தோன்றுகிறார். 2021 ஜூலை முதல் மாணவர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரியே தன் எல்லா விளையாட்டு அணிகளுக்கும் சேர்த்து முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். மூன்றாக இருந்த எடைகள் நான்காயின. வீட்டு அண்மையும் இதற்கிடையில் யாருடைய அனுமதியும் கேட்காமல் உருமாறிற்று: 2024இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டதால், பெற்றோர் காரில் வந்து பார்ப்பார்கள் என்று நினைத்துக் கலிஃபோர்னியாவிலேயே தங்கிய ஆட்டக்காரர் பாஸ்டனுக்கும் மயாமிக்கும் பறந்து ஆடுகிறார். வெஸ்ட் டெ மாய்னில் வளர்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய அயோவா பல்கலைக்கழகத்தில் 2020 முதல் 2024 வரை ஆடி 3,951 புள்ளி குவித்த கெயிட்லின் கிளார்க்கின் ஆட்டங்களை மாநிலமே திரண்டு பார்த்ததில், தங்கியதன் பயன் தங்கியவருக்கு மட்டும் உரியதன்று என்பது தெரிந்தது. கூட்டமைப்புகளைக் கலைத்து அடுக்குபவர்கள் தங்கள் கணக்கில் இதற்கென ஒரு பத்தி ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

முதல் தேர்வு கடைசித் தேர்வாக இருந்த காலமும் முடிந்துவிட்டது. முன்பு கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். 2018இல் இடமாற்றப் பதிவேடு, அதாவது மாற விரும்புவோர் தம் பெயரைப் பதிந்து வேறு கல்லூரிகளின் அழைப்புக்குக் காத்திருக்கும் பட்டியல், தொடங்கப்பட்டது. 2021இல் ஒரு முறை மாறுவதற்குத் தடை நீங்கியது. 2024இல் படிப்பில் தகுதி இருக்கும்வரை எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. முதலில் தொலைவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இரண்டாம் தேர்வில் ஊர்ப்பக்கம் திரும்புவோரை இப்போது யாரும் மனத்திடமில்லாதவர் என்பதில்லை. பேர்டும் டெல் டானும் கேட்க நேர்ந்த பேச்சு அது. பள்ளி மாணவர் ஒருவரின் கையெழுத்தை வாங்கி அவரை ஓராண்டுக்கு ஒரே கல்லூரியோடு, அழைத்த பயிற்சியாளர் போய்விட்டாலும் அந்தக் கல்லூரியோடேயே, கட்டிவைத்த தேசிய விருப்பக் கடிதம் என்னும் தாள் 1964இல் புழக்கத்துக்கு வந்தது. அறுபது ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில் அது கைவிடப்பட்டது.